பூஜைக்கு வராத ஒளிவாள்

போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஒரு வரலாற்று முடிவுக்கு வந்தேன். என் மனைவிக்குத் தெரியாமல் இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளாவது எனக்கு இருக்க வேண்டும்.

பேராசை இல்லை, பாருங்கள். ஒரே ஒரு பொருள். ஆனால் என் மனைவி தமிழ்செல்வியை நீங்கள் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் என் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டவள். எனக்குச் சளி பிடிக்கப் போவதை முந்தின நாளே சொல்லிவிடுவாள். எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கப் பெயர் எடுத்த தையல்காரி. ஆளைப் பார்த்தாலே அளவு சொல்வாள். இஞ்சி டேப்பை வைத்துவிட்டால் ஒரு நூல் பிசகாது. அப்படிப்பட்டவளுடன் வாழ்கிறவன் ஒரு குண்டூசியைக்கூட ஒளிக்க முடியாது. நான் ஒளிக்க நினைத்ததோ ஒரு வாள்.

இரும்பு வாள் இல்லை. ஒளிவாள். கையில் ஒரு பிடி மட்டும் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் ‘வூம்’ என்று ஒரு சத்தம். பிடியிலிருந்து வெளிச்சமே அலகாக நீண்டு நிற்கும். எதிரியின் விண்கப்பலை வாழைத்தண்டு வெட்டுகிற மாதிரி வெட்டும்.

எனக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள். பகலில் நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் மனு கொண்டுவந்துவிடுவீர்கள். மாலையில் நான், கலையரசன், விஞ்ஞானக் கதை எழுத்தாளன். கி.பி. 2870-இல் நடக்கும் என் தொடர்கதை செல்போன் செயலி ஒன்றில் வாராவாரம் வருகிறது. நாயகன் விண்வெளித் தளபதி வல்லரசு. மொத்தம் நாற்பத்து மூன்று வாசகர்கள். அதில் நாலு பேர் நானே.

செயலியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தமிழ்செல்விக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் பிளவுஸ் தைத்துக்கொண்டே கேட்பாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கதை ஓடுகிறது என்று அர்த்தம். மெஷின் நின்றால் கேள்வி வரப் போகிறது என்று அர்த்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் நின்றது.

“ஏங்க, டார்ச் அடிச்சா வெளிச்சம் எதுவரைக்கும் போவும்?”

“எதுலயாவது படற வரைக்கும் போவும்.”

“அப்போ உங்க ஆளு வாளு மட்டும் எப்படி மூணடியில நின்னுடுது? ஓரம் மடிச்சு அடிச்சிருக்கா?”

“அது சாதா வெளிச்சம் இல்ல தமிழு. பிளாஸ்மா. காந்தப் புலத்துக்குள்ள அடக்கி வெச்சிருக்கான்.”

“இன்னாத்தை வெட்டும்?”

“எல்லாத்தையும். இரும்பு, பாறை, எதுவும் தாங்காது.”

“அதை எங்க வெச்சுக்கறான்?”

“இடுப்பு பெல்ட்டுல.”

“உக்காரும்போது சுவிட்சு அழுந்திட்டா?”

நான் யோசித்தேன். முப்பது அத்தியாயங்களாக நாலு கிரகத்துச் சேனைகளால் தளபதிக்கு வராத ஆபத்து அது.

“பேண்ட்டு போயிடும்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். “இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஆளு வாளைப் புடிக்கறது தொடப்பத்தைப் புடிக்கற மாதிரி இருக்கு. எழுதினவரு அதைக் கையால தொட்டதே இல்லன்னு படிக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும்.”

இந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. டீ ஆறியது அப்போதுதான்.

அன்றே செல்போனில் தேடினேன். கிடைத்தது. நிஜப் பிளாஸ்மா இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கனத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்இடி விளக்கு, அலுமினியக் கைப்பிடி, வீசினால் ‘வூம்’, இடித்தால் ‘டிஷ்ஷ்’. ஆனால் பார்க்க அப்படியே என் வல்லரசுவின் வாள். வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வாங்குவதில் ஒரே ஒரு சிக்கல். சத்தியம்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு டிரோன் வாங்கினேன். அது முதல் பறப்பிலேயே பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தில் இறங்கியது. போன வருடம் தொலைநோக்கி. சனிக்கிரகத்து வளையத்தைத் தேடினேன். தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார்கள். தமிழ்செல்வி ஒன்றும் சத்தம் போடவில்லை. தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தாள். நான் அதைக் கையால் அடித்து அணைத்து, அவள் சொல்லச் சொல்லச் சத்தியம் செய்தேன்: “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தா, பன்னெண்டு பௌர்ணமி என் மாமியாரைக் கிரிவலம் கூட்டிட்டுப் போறேன்.”

கிரிவலம் எனக்குப் புதிதில்லை. பதினாலு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். என் மாமியார் எல்லம்மாளுடன் போனால் பதினோரு மணி நேரம். கிரிவலப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலைக்காரர். எழுபத்திரண்டு வயது. பாதை நெடுக இருக்கிற எல்லாரும் அவருக்குச் சொந்தம், அல்லது சொந்தத்துக்குச் சொந்தம். ஒவ்வொருவரிடமும் நின்று, “இதான் எங்க மாப்ள, கதை எழுதறாரு, ஆனா கவர்மெண்டு வேலையும் இருக்கு” என்று அறிமுகம் செய்வார். நான் ஒவ்வொருவருக்கும் சிரிக்க வேண்டும். போன முறை போய்வந்தபோது முட்டியைவிடத் தாடைதான் அதிகம் வலித்தது. அதை வருடத்துக்குப் பன்னிரண்டு தரம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எல்லாம் ரகசியமாக நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பரசுராமனைப் பிடித்தேன். டிரோன் இறங்கிய வடகத்தின் சொந்தக்காரர். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்.

“பார்சல் என் கடைக்கு வரட்டும் சார், பிரச்சனை இல்ல. யாராவது கேட்டா இன்னா சொல்லணும்?”

“உங்களோடதுன்னு சொல்லுங்க. என்கிட்ட குடுத்து வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க.”

“எனக்கு எதுக்கு சார் வாளு?”

“பேருலயே கோடாலி வெச்சிருக்கற ஆளு நீங்க. கையில வாளு இருந்தா யாரு சந்தேகப்படுவாங்க?”

“எம் பொண்டாட்டி மணிமொழி சந்தேகப்படுவா சார். நான் தொடப்பம் எடுத்தாலே சந்தேகப்படுவா.”

“அவங்களுக்கு ஏன் சொல்றீங்க?”

“நான் எங்க சொல்றேன்? அதுவா தெரிஞ்சுடும்.”

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மணிமொழி என் மனைவியிடம்தான் பிளவுஸ் தைக்கிறாள். ஆனால் வேறு ஆளும் இல்லை.

வாள் வந்தது. தமிழ்செல்வி லைனிங் துணி வாங்கத் தேரடி வீதிக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பரணில், தண்ணீர்க் குழாய் வேலை முடிந்து மிச்சப்பட்ட நாலடி பிளாஸ்டிக் பைப் ஒன்று இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கிடந்தது. வாளை அதற்குள் சொருகினேன். அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. பைப்புக்குள் வாளைத் தேட யாருக்குத் தோன்றும்? தளபதி வல்லரசுக்கே தோன்றாது.

அதற்கப்புறம் அவள் கடைக்குப் போகிற நாளெல்லாம் எனக்குப் போர்க்களம். ஹாலில் நின்று வீசுவேன். வூம். நீல வெளிச்சம் சுவரில் ஓடும். நாற்பத்தெட்டு வயதும் தொப்பையும் அந்த அரைமணி நேரம் எங்கோ போய்விடும். ஒருமுறை காலண்டரைக் குத்தி, ஆவணித் தாளைக் கிழித்துப் புரட்டாசியைச் சீக்கிரமே வரவைத்துவிட்டேன். பசை போட்டு ஒட்டினேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன்.

சந்தோஷம் வந்தால் பின்னாலேயே சந்தேகம் வருமே. வந்தது.

முதல் சந்தேகம் முப்பத்து நான்காம் அத்தியாயத்தில். நான் வாசித்தேன்: “வல்லரசு கைப்பிடியை இறுகப் பற்றினான். சுவிட்ச் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பெருவிரல் நகக்கண்ணில் வலித்தது. வாளின் கனம் முன்பக்கம் இழுக்க, மணிக்கட்டைத் தாழ்த்தினான்...”

மெஷின் நின்றது.

“நல்லா இருக்கே,” என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“பெருவிரல் வலிக்கும்னு எப்படிங்க தோணுச்சு?”

“கற்பனைதான்.”

“இத்தனை நாளா இந்தக் கற்பனை எங்க போயிருந்துச்சு?” என்று கேட்டவள், என் பெருவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். மெஷின் மறுபடி ஓடியது. ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது போல எனக்குப் பட்டது.

இரண்டாவது சந்தேகம் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்தால் வியாழக்கிழமை பாதி இருந்தது. பைப்புக்குள் படுத்துக்கொண்டே வாள் எப்படிச் சார்ஜைத் தின்னும்? கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சார், நீங்க ஜாஸ்தி யூஸ் பண்றீங்க. கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க.”

“நான் வாரத்துக்கு அரைமணி நேரம்தாம்மா பண்றேன்.”

“வீட்ல வேற யாராவது யூஸ் பண்றாங்களா சார்?”

“அதுக்கு வாய்ப்பே இல்லம்மா,” என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே சரியாகப் படவில்லை. அன்று இரவுச் சோற்றில் அப்பளம் வைத்தாள். கேட்காமல் அப்பளம் வைத்தாள். எதற்கு?

மூன்றாவது சந்தேகம், அவள் அளவு நோட்டில். கஸ்டமர் பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தில் இரண்டே எண்கள்: உயரம் 44, சுற்றளவு 4¾.

“இது யாருக்கு தமிழு?”

“ஒரு புது கஸ்டமர்.”

“சுத்தளவு நாலே முக்காலா? கையா, கழுத்தா?”

“ஆளே அவ்ளோதான். ரொம்ப ஒல்லி. இடுப்பே கிடையாது.”

“ஐயோ பாவம். சாப்பிடறதில்லையா?”

“கரண்ட்டுதான் சாப்பிடறாங்க போல,” என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நான் பலமாகச் சிரித்தேன். அவளுடைய நகைச்சுவை உணர்ச்சி முன்னேறிவருவதாக நினைத்தேன். என்னை என்ன செய்வது சொல்லுங்கள். என் சந்தேகமெல்லாம் பரசுராமன் மேல் இருந்தது. தினமும் அவர் கடை வாசலில் நின்று முகத்தைக் கூர்ந்து பார்ப்பேன். அவர் கண்ணைத் தாழ்த்திக் காயில் கட்டுவார். காட்டிக் கொடுத்துவிட்டாரா, இன்னும் இல்லையா? கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தமிழ்செல்வி ராஜ்ஜியம். தையல் மெஷினுக்குத் தலைக்குக் குளிப்பாட்டாத குறை. ஹாலில் பாய் விரித்து எல்லாம் வரிசையில் வந்து உட்கார்ந்தது. மெஷின், மூன்று கத்தரிக்கோல், இஞ்சி டேப், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, கத்தி, மிக்ஸி, கிரைண்டர், என் பேனா, என் லேப்டாப். வாசலில் ஸ்கூட்டர், ஹேண்டில்பாரில் வாழைக்கன்றோடு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்தி. பொரி, கடலை, சுண்டல்.

“எல்லா ஆயுதமும் வந்துடுச்சாங்க?” என்று கேட்டாள்.

“வந்துடுச்சு.”

தேங்காய் உடைப்பதற்கு முன்னால் மறுபடியும் கேட்டாள். “ஒண்ணும் விட்டுப்போகலியே?”

“போகலியே. ஏன்?”

“போன வருஷம் கிரைண்டருக்குப் பொட்டு வைக்க மறந்தோம். தைக்குள்ள பெல்ட்டு அறுந்துச்சு. அதே பூஜையில உங்க தொலைநோக்கியையும் விட்டோம். இன்னா ஆச்சு? மானம் போச்சு.”

“அது...”

“பொட்டு வைக்காத ஆயுதம் வருஷம் பூரா மனசுல வெச்சுக்கும்ங்க. யாரு கையில இருக்கோ அவங்க மேலதான் திரும்பும்.”

சூடம் ஏற்றினாள். ஜுவாலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மூன்றாவது தடவையும் கேட்டாள். “எல்லாம் வந்துடுச்சு இல்ல?”

“வந்துடுச்சு தமிழு,” என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது கண் எரிந்த மாதிரி இருந்தது.

நான் விஞ்ஞானக் கதை எழுதுகிறவன். என் கதையில் இருபத்தொன்பதாம் நூற்றாண்டு. சாமி, பூதம், திருஷ்டி எதுவும் கிடையாது. ஆனால் வல்லரசுக்கு இல்லாத பயம் எனக்கு உண்டு, ஏனென்றால் நான் இந்த ஊர்க்காரன். சாப்பாட்டில் மனம் போகவில்லை. பரணுக்குள் ஒரு வாள் கோபித்துக்கொண்டு படுத்திருந்தது. வீசும்போது விளக்கு அவிந்தால்? பேட்டரி வெடித்தால்? என் மேலேயே திரும்பினால்? பிளாஸ்டிக் குழாய் எப்படித் திரும்பும் என்று அறிவு கேட்டது. கிரைண்டர் பெல்ட் எப்படி அறுந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தமிழ்செல்வி தூக்குப்பாத்திரத்தில் சுண்டலை எடுத்துக்கொண்டாள். “மணிமொழிக்குக் குடுத்துட்டு வரேன். லேட்டாகும்.”

‘லேட்டாகும்’ என்று அவள் ஏன் சொன்னாள் என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு மாதமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒரே நேரத்தில் படவில்லை.

கதவு சாத்தியதும் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டேன். பெருவிரலில் குங்குமம். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பைப்பின் மூடியை முழங்கையால் நெம்பித் திறந்தேன். மீதி விரல்களால் வாளை மெல்ல இழுத்தேன்.

வாள் வரவில்லை. மெரூன் நிற வெல்வெட் வந்தது.

நாற்பத்து நான்கு அங்குலத்துக்கு ஓர் உறை. ஓரமெல்லாம் மஞ்சள் துணியில் உருட்டித் தைத்த பைப்பிங். வாயில் சுருக்குக் கயிறு. தோளில் மாட்ட ஒரு வார். கைப்பிடி வரும் இடத்தில் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. சுருக்கைத் தளர்த்தினேன். உள்ளே என் வாள் சுகமாக இருந்தது. இடுப்பே இல்லாத கஸ்டமர்!

“ஏங்க.”

ஸ்டூல் ஆடியது. நானும் ஆடினேன். கீழே தமிழ்செல்வி தூக்குப்பாத்திரத்தோடு நின்றாள்.

“மணிமொழி வீட்டுக்குப் போகல?”

“போனேன். குடுத்தேன். வந்துட்டேன். பக்கத்து வீடுதானே, அமெரிக்காவா?”

“லேட்டாகும்னியே?”

“அது உங்களுக்குச் சொன்னது. கையில இன்னா சந்தனம்?”

ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தை எடுத்து விட்டேன். “இது பரசுராமனோடது தமிழு. குடுத்து வெச்சிருக்காரு.”

“அவரு ஆயுதத்துக்கெல்லாம் காலையிலேயே கடையில பொட்டு வெச்சு, பூசணிக்காயும் உடைச்சுட்டாரு. பக்கத்து வீட்டுக்காரு வாளுக்கு நீங்க ஏன் ஸ்டூலு போட்டு ஏறிப் பொட்டு வைக்கறீங்க?”

பக்கத்து வீட்டு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கீழே இறங்கினேன். ஆனாலும் தளபதியின் படைப்பாளி அல்லவா, கடைசி அஸ்திரம் ஒன்று என்னிடம் இருந்தது.

“சரி, என்னோடதுதான். ஆனா நான் சத்தியம் பண்ணது விளையாட்டுச் சாமானுக்கு. இது விளையாட்டுச் சாமான் இல்ல. ஆயுதம்!”

“ஆயுதமா?”

“ஆயுதம். எந்தக் கிரகத்துல வேணா கேட்டுப் பாரு.”

“கண்டிப்பா ஆயுதம்தானே? பேச்சு மாறமாட்டீங்களே?”

“மாறமாட்டேன்.”

அவள் தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “ஆயுதம்னா காலையில பூஜையில ஏன் இல்ல?”

மெஷின்கூடப் பொட்டு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

“மூணு தடவை கேட்டேன். எல்லா ஆயுதமும் வந்துடுச்சான்னு. எரியற சூடத்துக்கு முன்னால வந்துடுச்சுன்னு சொன்னீங்க. அப்போ பரண்ல இருந்தது இன்னாங்க?”

ஆயுதம் என்றால் சூடத்துக்கு முன் பொய் சொன்னவன் ஆவேன். அது என் குலத்துக்கே ஆகாது. மிச்சம் இருந்தது ஒரே சொல். அதை என் வாயாலேயே சொன்னேன்.

“விளையாட்டுச் சாமான்.”

“அப்போ வர்ற பௌர்ணமியிலேர்ந்து ஆரம்பிச்சுடலாம்,” என்றாள். “அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“கொண்டுவந்த அன்னிக்கே. பரண்ல எல்லாத்து மேலயும் தூசி. பைப்பு மூடி மட்டும் பளபளன்னு இருந்துச்சு. பரசுராமன் அண்ணன் பாவம், நான் கேக்கறதுக்கு முன்னாலயே ஒத்துக்கிட்டாரு.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே தமிழு? இந்த ஒரு மாசமா நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?”

“அப்பவே கேட்டிருந்தா ஆயுதம்னு சொல்லியிருப்பீங்க. அதான் ஆயுத பூஜை வரட்டும்னு இருந்தேன்.”

நாலு கிரகத்து யுத்த தந்திரங்களை எழுதியவன் நான். இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரே ஆறுதல், வாளை அவள் பிடுங்கவில்லை. உறை வேறு தைத்துக் கொடுத்திருக்கிறாள். கோபக்காரி பைப்பிங் வைத்துத் தைப்பாளா? உள்ளுக்குள் அவளுக்கும் என் ஆசை புரிந்திருக்கிறது என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். “நல்லாத் தைச்சிருக்க தமிழு.” அவள் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள்.

பௌர்ணமி அன்று மதியம் மூன்று மணிக்கே கிளப்பிவிட்டாள். உறையோடு வாளை என்னிடம் கொடுத்தாள். “பொழுது சாஞ்சா வழிக்கு வெளிச்சமா இருக்கும். எடுத்துட்டுப் போங்க.”

கும்பிடத் தோன்றியது. ஊரறிய, ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில், தோளில் ஒளிவாளோடு கிரிவலம்! பன்னிரண்டு மாதம் என்ன, இருபத்து நாலு மாதம் நடக்கலாம். வாரைத் தோளில் மாட்டினேன். மாட்டினால் அது தொப்பைக்கு மேலேயே நின்று, வாள் அக்குளில் போய் இடித்தது.

“வார் சின்னதாப் போச்சு தமிழு. அளவு தப்பிடுச்சு.”

“என் அளவு எப்பங்க தப்பியிருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ராஜகோபுரத்துக்கு எதிரில் மாமியார் எல்லம்மாள் ஒரு பெரிய ஒயர் கூடையோடு காத்திருந்தார். கூடையில் புளிசாதம், தண்ணீர், மலையைச் சுற்றியிருக்கிற எட்டு லிங்கத்துக்கும் எட்டுப் பொட்டலம் சூடம், ஒரு விசிறி, போகும் வழியில் யாருக்கோ கொடுக்க வேண்டிய ஒரு சுரைக்காய். இந்திர லிங்கத்தில் மூன்று சொந்தக்காரர்கள். அக்னி லிங்கத்தில் ஆறு. எல்லாருக்கும் சிரித்தேன். சிரிக்கும்போதே வாள் மேல் ஒரு கை வைத்திருந்தேன். இருட்டட்டும், காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நிருதி லிங்கம் தாண்டியதும் பொழுது சாய்ந்தது. என் நேரம் வந்துவிட்டது. உறையின் சுருக்கைத் தளர்த்தினேன்.

“இப்படிக் குடுங்க மாப்ள,” என்றார் மாமியார்.

“பாத்து அத்தை, சுவிட்சு கொஞ்சம் கஷ்டம். பெருவிரல்...”

“மொதல்ல ஒரு வாரம் வலிக்கும். அப்புறம் பழகிடும்,” என்று சொல்லிக்கொண்டே வாரைத் தன் தோளில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நூல் பிசகவில்லை. வாளை உருவி, ஒரே தட்டில் வூம் என்று ஏற்றினார். நீல வெளிச்சம் பாதையில் பத்தடிக்கு விழுந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. யாரோ ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். வியாழக்கிழமைப் பேட்டரி எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வாராவாரம் புதன்கிழமை நீங்க ஆபீசு போனதும் வந்து ஓட்டிப் பாத்துக்கிட்டேன்,” என்றார் மாமியார், வாளை முன்னால் நீட்டி நடந்தபடி. “எனக்கு ராத்திரியில பள்ளம் மேடு தெரியறதில்ல. தமிழுதான் ஆயுத பூஜை வரைக்கும் பொறுத்துக்கம்மான்னு சொல்லுச்சு.” ரெண்டடி போய்விட்டு நின்று, திரும்பிப் பார்த்தார். “இன்னா மாப்ள நின்னுட்டீங்க? வாளை நான் பாத்துக்கறேன். நீங்க கூடையைத் தூக்கிட்டு வாங்க.”